மட்டக்குதிரைப் பிறந்தநாள்: நடத்தும் முறை

சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து
பெறுநர்: டி.பி. ரோடு, ஆர்.எஸ்.புரம், கோயமுத்தூர்

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் (பேத்தியின் கணக்கில் அம்மாயிக்கும் அப்புச்சிக்கும்),

மட்டக்குதிரை என்பது குதிரைக்குட்டி அல்ல. வளர்ந்து முடிந்த பிறகும் உயரம் ஏறத்தாழ 147 சென்டிமீட்டரைத் தாண்டாத குதிரைதான் மட்டக்குதிரை. இங்கிலாந்தில் அதற்குப் போனி என்று பெயர். உயரத்தைத் தலை உச்சியிலிருந்து அளப்பதில்லை. பிடரி மயிர் முடிகிற இடத்தில், தோளுக்கு மேலே துருத்தி நிற்கும் எலும்பு மேட்டிலிருந்து தரை வரை அளப்பார்கள். அளவு 'கை'. ஒரு கை என்றால் 4 அங்குலம் என்று எட்டாம் ஹென்றி காலத்திலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். போனிக்கு எல்லை 14.2 கை. நடுவில் இருப்பது தசமப் புள்ளி அல்ல. 14 கையும் 2 அங்குலமும் என்று படிக்க வேண்டும். 14.3-ஐ அடுத்து நேராக 15 வந்துவிடும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துபோவது உடம்புக்கு நல்லது.

குழந்தைகளின் விருந்துக்கு வருவது பெரும்பாலும் ஷெட்லாண்ட் வகை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே மரம்கூட நிமிர்ந்து வளராத காற்றுத் தீவுகள் அதன் ஊர். 42 அங்குலத்துக்கு மேல் போனால் அதை ஷெட்லாண்டாகப் பதிவு செய்ய மாட்டார்கள். நம் வீட்டு டைனிங் டேபிளைவிட ஒரு சாண் கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பலம் அதிகம். 1842-இல் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. வண்டி இழுக்கும் அந்த வேலை இந்தக் குதிரைகளின் கழுத்தில் வந்து விழுந்தது. அன்றைக்குக் குழந்தைகளுக்குப் பதிலாக உழைத்த இனம், இன்றைக்குச் சனிக்கிழமை மதியங்களில் குழந்தைகளைச் சுமந்து உழைக்கிறது. இதை முன்னேற்றம் என்று குதிரை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

ஆங்கிலேயக் குழந்தைகளுக்குப் போனி மேல் இருக்கும் ஆசை பழையது. பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்கும் போனி கிளப் 1929-இல் தொடங்கியது. தெல்வெல் என்ற கேலிச்சித்திரக்காரர் 1953 முதல் 'பஞ்ச்' பத்திரிகையில் பீப்பாய் உடம்புக் குதிரையையும் அதன் மேல் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் குட்டிப் பெண்ணையும் வரைந்தே புகழ் பெற்றார். இரண்டில் யார் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்பது அந்தப் படங்களில் எப்போதும் சந்தேகம்தான். ஆறு வயதுப் பேத்திக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. வகுப்பில் வேறொரு குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனி வந்தது என்பது மட்டும் தெரியும்.

போனி விருந்தில் இரண்டு வகை: கார்ட்டூன் போனி, உயிர்ப் போனி. முதல் வகைக்கு மூலம் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க பொம்மை நிறுவனம் 1980-களில் விற்கத் தொடங்கிய மை லிட்டில் போனி. 2010 முதல் 2019 வரை அது தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. அதன் ஆறு நாயகிகளில் பிங்கி பை என்ற ரோஸ் நிறக் குதிரைக்குப் பிழைப்பே பார்ட்டி நடத்துவதுதான். பார்ட்டி முடிந்து அது தட்டு எடுத்ததாகத் தெரியவில்லை. இந்த வகை விருந்துக்குத் தட்டு, டம்ளர், பலூன், மேசை விரிப்பு என எல்லாம் குதிரைப் படத்தோடு கடையில் கிடைக்கும். கோவையில் என்றால் டெக்கரேஷன்காரருக்கு ஒரு போன் அடித்தால் வளைவு, பேனர், பெயர் எழுதிய தெர்மாகோல் வரைக்கும் வந்துவிடும். இங்கே பலூன் ஊதுபவர் குழந்தையின் தகப்பனார். அவருக்கு மூச்சு வாங்கினால் தாயார்.

இரண்டாம் வகையில் நிஜக் குதிரை வரும். அது ரோஸ் நிறத்தில் இருக்காது; சேற்று நிறத்தில், பெரும்பாலும் சேற்றோடு வரும். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த குழந்தைகளைச் சமாதானப்படுத்தச் சிலர் அதன் நெற்றியில் ஒற்றைக் கொம்பு கட்டி யூனிகார்ன் ஆக்குவார்கள். வேறு சிலர் கழுவினால் போகும் சாயத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்துக் குதிரை மேல் பூசச் சொல்வார்கள். பிராணி நலம் பேசுகிறவர்கள் இதைக் கண்டிக்கிறார்கள். கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கிற ஊரிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் பட்டி மாட்டுக்கு வர்ணம் அடிக்கிற கை அதற்குத் தினமும் தண்ணி காட்டுகிற கை. விருந்துக்கு வந்த குழந்தைக்குக் குதிரையோடு அப்படி ஒரு பழக்கமும் கிடையாது.

நாள் குறித்ததும் முதல் வேலை அழைப்பு. இங்கிலாந்தில் இந்த வயது வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே முழு வகுப்பையும் அழைத்தால் கூட்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். முழு வகுப்பை அழைக்க வேண்டும், அல்லது நாலைந்து பேரை மட்டும் அழைக்க வேண்டும். இருபத்துநான்கு பேரை அழைத்து ஐந்து பேரை விட்டால் பள்ளி வாசலில் அந்த ஐந்து தாய்மார்களின் முகத்தில் விழிக்க முடியாது. பத்திரிகை வைக்காமல் விட்ட பங்காளி வீட்டு நிலவரம் ஆர்.எஸ்.புரத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

அழைப்பிதழில் அம்மாயிக்கு விளங்காத ஒரு வரி இருக்கும். '2 மணி முதல் 4 மணி வரை.' தொடங்கும் நேரம் போடுவது எங்கும் உள்ளது. முடியும் நேரம் போடுவது இங்கே உள்ளது. கொங்குநாட்டில் வந்தவர்களை எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்கிறோம் என்று அச்சடித்துக் கொடுத்தால் அந்த வீட்டு வாசலை அப்புறம் யாரும் மிதிக்க மாட்டார்கள். இங்கே அந்த வரி இல்லாவிட்டால்தான் கோபிப்பார்கள். 3 மணி 55 நிமிடத்துக்குக் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். 4 மணி 10 நிமிடத்துக்கு வீட்டில் ஆள் இருக்காது. வருவோம், வரமாட்டோம் என்று முன்கூட்டியே பதில் எழுதுவதும் கட்டாயம். "பாக்கலாங்" என்ற பதிலுக்கு இங்கே இடம் கிடையாது.

அடுத்தது இடம். ஊர்ப் பொது மண்டபமோ, சர்ச் மண்டபமோ, சாரணர் கொட்டகையோ மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். நாற்காலி போடுவது, திரும்ப அடுக்குவது, தரை துடைப்பது எல்லாம் அந்த மணிக்கணக்கிலேயே சேரும். அதைச் செய்வதும் வாடகை கொடுத்தவரே. ஆனால் மண்டபத்துக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை. வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால், குதிரைக்காரர் போனில் கேட்கும் முதல் கேள்வி, பக்கவாட்டு வாசல் எத்தனை அகலம் என்பது. சவுத்தாம்ப்டனில் பல வீடுகள் ஒட்டு வீடுகள். பின்பக்கத் தோட்டத்துக்கு வழி சமையலறைக்குள்ளேதான். 42 அங்குலக் குதிரை சமையலறைக் கதவில் நுழைந்துவிடும் என்பது அளவு நாடாவின் கருத்து. வீட்டுக்காரருக்கும் குதிரைக்காரருக்கும் அதில் உடன்பாடு இல்லை. இதனால் கடைசியில் தோட்டத்துக்குத் தனி வழி உள்ள நண்பர் வீடு அமையும். அவர்களைக் குடும்பத்தோடு அழைப்பது கூடுதல் செலவுக் கணக்கில் வரும்.

காகித வேலை இந்த விருந்தின் பெரும்பகுதி. குதிரையை வாடகைக்கு விடுகிறவருக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். 2018-இல் வந்த விதிகளின்படி ஹோட்டலுக்குக் கொடுப்பதுபோல ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரமும் உண்டு. காப்பீடு வேண்டும். ஏறும் குழந்தைக்குத் தரமான தலைக்கவசம் வேண்டும். ஒவ்வொரு குதிரையையும் கயிறு பிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டும். நிறைசினைக் குதிரையையும், குட்டி இன்னும் பால் மறக்காத தாய்க்குதிரையையும் வாடகைக்கு விடக் கூடாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறார்கள். அதாவது பிரசவ விடுப்பு. மேலும் இங்கிலாந்தில் ஒவ்வொரு குதிரைக்கும், கழுதைக்கும், பாஸ்போர்ட் இருந்தாக வேண்டும். குதிரையின் உடலமைப்பு, நிறம், நெற்றிச் சுட்டி, போட்ட ஊசிகள் எல்லாம் அதில் இருக்கும். 2020 அக்டோபர் முதல் கழுத்துக்குள் மைக்ரோசிப்பும் கட்டாயம். குதிரை வெளியூர் போனால் பாஸ்போர்ட்டும் கூடப் போக வேண்டும். பேத்தியின் பிறந்தநாளுக்கு வர அம்மாயி விசா விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், வரிச் சான்று எல்லாம் சேர்க்க வேண்டியிருக்கும். குதிரை அந்த அளவுக்குச் சிரமப்படுவதில்லை. அதனிடம் யாரும் திரும்பிப் போவதற்கான ஆதாரம் கேட்பதில்லை.

குதிரைக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்ற கொங்கு வழக்கம் குதிரைக்குப் பொருந்தாது. போனி கரடுமுரடான மேட்டு நிலத்துக் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கப் பழகிய இனம். பச்சைப்பசேல் என்ற இங்கிலாந்துப் புல்லில் சர்க்கரை அதிகம். அதை இஷ்டத்துக்கு மேய்ந்தால் உடம்பு பெருத்துக் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகும். அதனால் வசந்த காலத்தில் பல போனிகளைப் புல் இல்லாத மொட்டைத் தரையில் அடைத்து வைக்கிறார்கள். மேய விட்டாலும் வாய்க்கு வலைக்கூடை கட்டித்தான் விடுகிறார்கள். டாக்டர் அப்புச்சிக்குக் கொடுத்த உணவு அட்டவணையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று. வாய்க்கூடை மட்டும் அதில் இல்லை. விருந்தில் குழந்தைகள் கேரட் கொடுக்கலாம். வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நறுக்க வேண்டும். விரல்களை ஒட்டி, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதன் மேல் வைத்து நீட்ட வேண்டும். விரலால் பிடித்து நீட்டினால் குதிரைக்கு எது கேரட், எது விரல் என்ற பேதம் தெரியாது. ஷெட்லாண்டின் மேலுதடு நம் விரலைவிடச் சாமர்த்தியமானது. கேரட்டைத் தடவிப் பார்த்து, ஓரமாகத் தள்ளி, மடித்து உள்ளே இழுக்கும். மூச்சுக்காற்று வெதுவெதுப்பாக உள்ளங்கையில் படும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இத்தனை காகிதமும். சவாரி வெறும் உபரி.

செலவைக் கேட்டதும் அப்புச்சி சொன்ன யோசனைக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். பக்கத்துக் காட்டில் குதிரை சும்மா திரிகிறதே, அங்கே கூட்டிப்போனால் என்ன? யோசனை தப்பில்லை. சவுத்தாம்ப்டனுக்கு மேற்கே நியூ ஃபாரஸ்ட் இருக்கிறது. பெயர்தான் புதிய காடு. வில்லியம் மன்னர் 1079-இல் வேட்டைக்கு ஒதுக்கியது. அங்கே ஆயிரக்கணக்கான போனிகள் ரோட்டிலும் கடைத்தெருவிலும் வேலியில்லாமல் உலவுகின்றன. ஆனால் அவை காட்டுக் குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு. அந்தப் பகுதியில் நிலமோ வீடோ உள்ளவர்களில் சிலருக்கு அதோடு சேர்ந்து மேய்ச்சல் உரிமை வருகிறது. தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் கட்டினால், அஜிஸ்டர் எனப்படும் மேற்பார்வையாளர் குதிரையின் வால் மயிரைப் படிக்கட்டு மாதிரி வெட்டி விடுவார். வெட்டின தினுசைப் பார்த்தே அது எந்த அஜிஸ்டரின் எல்லைக்குள் வரும் குதிரை, பணம் கட்டியாயிற்றா என்று சொல்லிவிடலாம். நம் காங்கேயத்துக் கொறங்காடு இதற்கு நேர் எதிர். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்து, படலைச் சாத்தினால் மாடு தன் காட்டுக்குள்ளேயே கிடக்கும். அங்கே வேலியைப் பார்த்து உடையவரைத் தெரிந்துகொள்கிறோம். இங்கே வாலைப் பார்த்து.

காட்டுக்குப் போகலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம். தொட முடியாது. 2023 ஜூலையில், அங்கே குதிரைக்குத் தீனி கொடுத்தாலோ தடவிக்கொடுத்தாலோ 100 பவுண்டு அபராதம் என்று உத்தரவு போட்டார்கள். தீனிக்குப் பழகிய குதிரை சாலைக்கு வந்து காரில் அடிபடும், தீனி தராதவரைக் கடிக்கும் என்பது காரணம். குதிரைக்கு இந்தச் சட்டம் தெரியாததால், புல்வெளியில் ஜமுக்காளம் விரித்தவுடன் அதுவாகவே வந்து பிஸ்கட் பையில் வாய் வைக்கும். அப்போது குற்றவாளி யார் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. அப்புச்சியின் மாற்று யோசனை அந்தியூர். ஆடியில் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவுக்குக் கூடும் குதிரைச் சந்தையில் காத்தியவாரும் மார்வாரியும் நெற்றிப் பட்டமும் சதங்கையுமாக நிற்கும். அதற்கு ஈடான காட்சி இங்கே எந்தத் தோட்டத்திலும் கிடைக்காது. ஆனால் அவற்றில் பலவும் போனி எல்லையைத் தாண்டிய உயரம். பேத்தியின் தலை அவற்றின் முதுகுக்குக் கீழேயே நிற்கும். ஊட்டி போட்ஹவுஸ் வாசலில் ஒரு சுற்றுக்கு ஏற்றிவிடுவார்களே, அதுதான் இந்த விருந்துக்கு மிக அருகில் வரும் நம்மூர் அனுபவம். கோவை ரேஸ் கோர்ஸை நம்பிப் பயனில்லை. அங்கே இப்போது சுற்றி வருவது சர்க்கரை அளவைக் குறைக்கும் மனிதர்கள்தான்.

குதிரை நிற்பது ஒரு மணி நேரம். மீதி நேரத்துக்கு விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரில் உள்ள படத்தில் வாலை ஒட்டுவது ஒன்று. அசலில் கழுதைப் படம், போனி விருந்தில் அதற்குப் பதவி உயர்வு. பொட்டலம் கைமாற்றுவது இன்னொன்று. பல சுற்றுக் காகிதத்தில் கட்டிய பரிசுப் பொட்டலத்தைப் பாட்டு ஓடும் வரை கைமாற்ற வேண்டும். பாட்டு நின்றால் கையில் வைத்திருப்பவர் ஒரு சுற்றுக் காகிதத்தைப் பிரிப்பார். முன்பு உள்ளே ஒரே பரிசு. இப்போது யாரும் அழக் கூடாது என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மிட்டாய் வைக்கிறார்கள். பாட்டை நிறுத்துகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. ஓரக்கண்ணால் பார்த்து, இதுவரை பிரிக்காத குழந்தையிடம் வரும்போது நிறுத்த வேண்டும் என்பது நடைமுறை. பஞ்சாயத்துப் பேசிப் பழகிய குடும்பத்து மாப்பிள்ளை இதற்குப் பொருத்தமானவர். விளக்குமாற்றுக் குச்சியில் காலுறையை அடைத்துத் தலை செய்து ஓடவிடும் குச்சிக்குதிரைப் பந்தயமும் உண்டு. பின்லாந்தில் பெரிய பெண்கள் இதையே தடை தாண்டும் போட்டியாக நடத்துகிறார்கள். பொய்க்கால் குதிரை பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. குதிரை வடிவில் காகிதக் கூடு செய்து, உள்ளே மிட்டாய் போட்டு, தடியால் அடித்து உடைப்பதும் சில வீடுகளில் நடக்கிறது. குதிரையிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்த கையோடு இதைச் செய்வது நல்லதில்லை.

சாப்பாட்டில் சொல்ல அதிகம் இல்லை. ஓரம் வெட்டிய முக்கோண சாண்ட்விச், சிப்ஸ், வெள்ளரிக்காய்த் துண்டு, கேரட் துண்டு. கேரட்டைக் குதிரை மட்டுமே விரும்பிச் சாப்பிடும். நிலக்கடலை, முந்திரி கிட்டே வரக் கூடாது. வகுப்பில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கும். ஜெல்லி, மார்ஷ்மெல்லோவில் மாட்டு எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கலாம் என்பதால் பொடி எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். கேக் வெட்டிய பின் ஊட்டிவிடுவது, கன்னத்தில் பூசுவது எதுவும் கிடையாது. துண்டு போட்டு, காகிதக் கைக்குட்டையில் மடித்து, பார்ட்டி பையில் வைத்து வாசலில் கொடுத்துவிடுவார்கள். விருந்தில் வெட்டிய கேக்கை விருந்தில் யாரும் சாப்பிடுவதில்லை.

4 மணிக்கு மேல் நடப்பது அழைப்பிதழில் இல்லாத இரண்டாம் பகுதி. அதற்கு ஈரோட்டுக்காரர்களும் திருப்பூர்க்காரர்களும் பொள்ளாச்சிக்காரர்களும், முடியும் நேரம் சொல்லப்படாமல், அரைமணி தாமதமாக வருவார்கள். அரிசிம்பருப்புச் சாதம், தயிர், அப்பளம், ஒரு பெரிய சட்டியில் சந்தகை. முதல் பகுதியில் யாரும் தொடாத முக்கோண சாண்ட்விச்சுகள் இங்கே கொத்தமல்லிச் சட்னியோடு தீர்ந்துபோகும். குதிரை எங்கே என்று கேட்பார்கள். போய்விட்டது என்றால், நம்மகிட்ட சொல்லியிருந்தால் இன்னும் கம்மி விலைக்குப் பிடித்துக் கொடுத்திருப்போம் என்பார்கள். இரவு பத்துக்கும் செருப்புகள் வாசலில் இருக்கும்.

மழை வந்தால் திட்டம் மாறாது. ஷெட்லாண்டுக்குக் குளிர்காலத்தில் இரண்டடுக்கு மயிர். மழை அதற்குப் பொருட்டில்லை. குழந்தைகளும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஏறிவிடும். நனைவது படம் எடுக்கும் பெரியவர்கள் மட்டும்.

குதிரை போன பின் புல்வெளியில் அது விட்டுச்சென்றதை யார் எடுப்பது என்ற கேள்விக்குச் சண்டை வராது. ரோஜா வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாளியோடு தானே வருவார். இதுவரை தலையசைப்பு அளவிலேயே இருந்த பழக்கம் அதன்பின் பெயர் சொல்லிப் பேசும் அளவுக்கு வளரும்.

பரிசுகளை விருந்தில் பிரிப்பதில்லை. இரவில் பிரித்து, எது யார் கொடுத்தது என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் குழந்தை தன் கையாலேயே நன்றிக் கடிதம் எழுத வேண்டும். நம் மொய் நோட்டு மாதிரிதான். ஆனால் இதில் எழுதுவது வாங்கியவர். அம்மாயி கொடுத்தனுப்பிய பட்டுப் பாவாடைக்கும் இப்படி ஒரு கடிதம் தபாலில் வரும். அதில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மீதி குதிரைப் படம். தாய்மாமன் சீராக வந்த வெள்ளிக் கொலுசுக்குத் தனிக் கடிதம். பால்கோவா, பர்பி எதையும் அடுத்த முறை கொடுத்துவிட வேண்டாம். பால் பண்டங்களை இங்கே கொண்டுவர அனுமதி இல்லை. பருப்புப் பொடியும் அப்பளமும் போதும்.

அன்புடன்,
மகள்